நொர்மானுக்கு ஒரு நாற்காலி

லிஸெட் போர்தெலோ தன் ஹாலுக்கு வாங்கிய சாமான் எல்லாமே அவள் நடந்தே போய்ப் பார்த்து வாங்கியவை. பெரிய கடையில் அட்டைப் பெட்டிக்குள் மடித்து வரும் மேஜையைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "பெட்டியப் பிரிச்சு நானே திருகாணி முடுக்கணும்னா கடைக்காரனுக்கு எதுக்குக் காசு?" என்பாள். மொன்ரியாலில் எங்கள் ரோஸ்மோன் பகுதியில் பழஞ்சாமான் கடைகளுக்கும் தச்சுப் பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் லிஸெட் நுழையாத வாசல் ஒன்றுகூட இருந்திருக்காது.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நோயாளிகளுக்குத் தட்டுத் தட்டாக உப்பில்லாத சோற்றையும் உருளைக்கிழங்கு மசியலையும் அனுப்பியே வயது போய்விட்டது. சின்ன வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். அந்த மனுஷன் ஒருநாள் சாப்பாட்டு மேஜை, நாற்காலிகள், சோபா எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் போனதற்கு அவள் அழுதாளா என்று தெரியாது. காலியான ஹாலைப் பார்த்து அழவில்லை, அது நிச்சயம். அன்று சாயங்காலமே கோட்டை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பியவள்தான், அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

மேஜையோ நாற்காலியோ வாங்குவது என்றால் அவளுக்கு அது சடங்கு மாதிரி. முதலில் கவிழ்த்துப் பார்ப்பாள். பிறகு இழுப்பறையைத் திறந்து மோந்து பார்ப்பாள், நாப்தலின் வாடை வந்தால் ஒரு முகச்சுளிப்பு. விரலால் தட்டுவாள். கடைசியாகத்தான் விலை கேட்பாள். உட்கார்ந்து மட்டும் பார்க்கமாட்டாள். இதை ஏனோ யாருமே கவனிக்கவில்லை, அவள் உட்பட.

அப்படிச் சேர்ந்த சாமான்கள் எப்பேர்ப்பட்டவை என்கிறீர்கள்! மூடிப்போன ஒரு மாதா கோயிலில் ஏலம் விட்ட ஓக் மர பெஞ்சு சன்னலுக்கு அடியில். பந்து உருட்டி ஆடும் கூடம் ஒன்றை இடித்தபோது கிடைத்த வழுவழுப்பான பலகையில் ஒரு தச்சர் செய்து கொடுத்த தாழ்ந்த மேஜை. பல் டாக்டர் ஒருவரின் காத்திருப்பு அறையிலிருந்து வந்த, இரும்புக் கால் வைத்த இரண்டு பச்சை நாற்காலிகள். யாரோ வேண்டாமென்று நடைபாதையில் வைத்ததை அவள் எடுத்து வந்த, தொப்பி மாட்டும் கம்பம் ஒன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அப்புறம் கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பிப்பார்கள். காப்பி குடித்து முடிந்ததும், "சமையலறையிலேயே உக்காரலாமே" என்று எழுந்துவிடுவார்கள்.

நொர்மான் அவளுக்குப் பழக்கமானது இந்தச் சாமான்கள் எல்லாம் வந்து நிறைந்த பிறகு. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன், நாலு தெரு தள்ளிக் கீழ்த்தளத்தில் குடியிருந்தான். வாழ்நாளெல்லாம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து நகரத்தைச் சுற்றிய மனுஷனுக்கு, உட்காருவது என்பது விளையாட்டுக் காரியமில்லை. அவன் வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது. பழுப்பு நிறம், தோல் மாதிரி இருக்கும் ஆனால் தோல் இல்லை. பக்கத்துப் பிடியை இழுத்தால் முதுகு சாய்ந்து கால் நீளும். கை வைக்கிற இடம் கிழிந்து கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். சனிக்கிழமை தோறும் லிஸெட் அங்கே போவாள், பட்டாணி சூப் குடிப்பார்கள், டிவியில் ஹாக்கி ஆட்டம் பார்ப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். இப்படியே பல வருஷம். கல்யாணம், காட்சி என்ற பேச்சே கிடையாது. எங்கள் ஊரில் அதற்கு யாரும் மூக்கில் விரல் வைப்பதும் இல்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நொர்மான் சூப்புக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"ரெண்டு வீடு, ரெண்டு ஃப்ரிஜ்ஜு, ரெண்டு கரண்ட் பில்லு. ஒரே சூப்பு. நம்ம என்ன பைத்தியமா லிஸெட்?"

"என்னய்யா சொல்ல வர்ற?"

"உன் வீடு பெருசு. வெளிச்சம் வருது. நான் வந்துடவா?"

லிஸெட்டுக்குச் சந்தோஷத்தில் காது மடல் சூடாகிவிட்டது. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

"தாராளமா வா. அந்த எருமைத்தோல் மட்டும் வரக்கூடாது."

"அப்ப நான் எங்க உக்காருவேன்? உன் கோயில் பெஞ்சுலயா? ஒரு தடவை ஒரு ஆட்டம் முழுக்க அதுல உக்காந்து பார்த்தேன். பாதிரியார் முன்னாடி மண்டி போட்டுப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு எழுந்த மாதிரி இருந்துச்சு. முதுகு மூணு நாளு பேசல."

"அந்தப் பழுப்புக் கண்றாவி உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன், சொல்லிட்டேன். உனக்கு நானே ஒரு நாற்காலி தேடித் தர்றேன். நீயே அசந்து போற மாதிரி."

நொர்மான் கிண்ணத்தை அலமாரியில் கவிழ்த்து வைத்தான். பிறகு சொன்னான், "நாற்காலி கிடைச்சா காலி பண்றேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன். மார்ச் கடைசிக்குள்ள."

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாடகை ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடியும். ஜூலை முதல் தேதி பாதி நகரம் வீடு மாறும். காலி பண்ணுகிறவன் மார்ச்சுக்குள் வாயைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் இன்னொரு வருஷம் அங்கேயேதான். நொர்மானுக்கும் லிஸெட்டுக்கும் வருஷங்களை வீணாக்குகிற வயசு தாண்டிவிட்டது. அது இருவருக்கும் தெரிந்திருந்தது, இருவரும் சொல்லவில்லை.

லிஸெட் கிளம்பினாள். முதலில் போபியான் தெருவில் இருக்கும் திபோவின் பழஞ்சாமான் கடை. திபோ குண்டு மனிதர், நாக்கு நீளம், லிஸெட்டின் பேரத்தில் பாதி லாபத்தை இழந்தவர், ஆனாலும் அவள் வராத வாரம் கடையே வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்வார்.

"வாங்க மகாராணி! இன்னிக்கு எதைக் கவுத்துப் போடப் போறீங்க?"

"ஆம்பிளைக்கு ஒரு நாற்காலி வேணும். உக்கார்றதுக்கு."

திபோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "உக்கார்றதுக்கா? நீங்களா கேக்குறீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அடுத்தடுத்த வாரங்களில் நொர்மானைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். டேனிஷ் தேக்கு நாற்காலி ஒன்று, வளைந்த கைப்பிடியோடு. நொர்மான் அதில் உட்கார்ந்தபோது பல் பிடுங்க வந்தவன் மாதிரி இருந்தான். பண்ணை வீட்டுச் சாய்ந்தாடும் நாற்காலி ஒன்று, அது ஆடிய ஆட்டத்தில் திபோவின் விளக்கு ஒன்று விழுந்து உடைந்தது. இன்னொரு கடையில் வக்கீல் ஒருவரின் சிவப்புத் தோல் நாற்காலி. ஒவ்வொன்றிலும் அவன் கொஞ்ச நேரம் உட்காருவான், லிஸெட் முகத்தைப் பார்ப்பான், "மோசமில்ல" என்பான். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முதுகு ஒரு நாற்காலியிலும் அடங்கவில்லை.

பிப்ரவரி போய்விட்டது. லிஸெட் ராத்தூக்கம் கெட்டு எரிச்சலில் இருந்தாள். ஒரு மனுஷன் உட்கார ஒரு இடம் தேடித் தர முடியாதவள் இத்தனை வருஷம் என்னத்தைத் தேடினாள் என்று தன்னையே கடிந்துகொண்டாள். இந்த நாற்காலி கிடைக்காவிட்டால் நொர்மான் வரமாட்டான் என்ற பயம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் ஆன்னிக்கிடம் போனாள். பழைய துணி ஆலைக் கட்டடத்தின் நாலாம் மாடியில் பட்டறை வைத்திருக்கும் பெண், முப்பது வயதிருக்கும், தலைமுடியில் எப்போதும் மரத்தூள். சோபா, நாற்காலி எல்லாம் ஆளுக்கு ஏற்ற அளவில் செய்து கொடுப்பாள். அவள் முதல் கேள்வி இந்த ஊர்க் கேள்வி:

"எந்த மாடி? படி எப்படி வளையுது?"

"ரெண்டாவது. வெளிப்படி, இரும்பு. நடுவுல ஒரு திருப்பம்."

"படத்த அனுப்புங்க. படி ஒத்துக்கலைன்னா நான் என்ன செஞ்சும் பிரயோசனமில்ல, கயிறு கட்டி பால்கனி வழியா ஏத்தணும். சரி, அவர் இப்ப எதுல உக்கார்றாரு?"

லிஸெட் அந்தப் பழுப்பு நாற்காலியைப் பற்றிச் சொன்னாள், ஏதோ குடும்பத்தில் நடந்த திருட்டைச் சொல்வது மாதிரி.

"அதப் பாக்கணும்" என்றாள் ஆன்னிக்.

"எதுக்கு? அது மாதிரி வேணாம்னுதானே உங்ககிட்ட வந்தேன்!"

"அது மாதிரி செய்ய மாட்டேன். அதுல அவரு எங்க அமுக்கியிருக்காரு, எங்க அமுக்கலன்னு பாக்கணும். கேட்டா சொல்லத் தெரியாது யாருக்கும். நீங்க சொல்லுங்களேன், அவரு எப்படி உக்காருவாரு?"

லிஸெட் வாயைத் திறந்தாள். ஒரு நாற்காலியைப் பற்றிக் கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பாள். நொர்மான் எப்படி உட்காருவான்? உட்காருவான், அவ்வளவுதான். சனிக்கிழமை வந்து பாருங்கள் என்று ஆன்னிக்கிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நொர்மானுக்குப் போன் செய்து, பட்டறைப் பெண் ஒத்துக்கொண்டாள், நாற்காலி வரப்போகிறது என்று ஒரே மூச்சில் சொன்னாள். பழசை வந்து பார்க்கப்போகிறாள் என்பதைச் சொல்வதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. போனை வைத்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் வந்தது வினை.

நொர்மான் நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள்தான் இப்படிப்பட்ட காரியமெல்லாம் செய்வார்கள். அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரனைத் துணைக்குக் கூப்பிட்டு, பழுப்பு நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய் நடைபாதையில் உருகும் பனிக்குவியலுக்குப் பக்கத்தில் வைத்தான். 'நன்றாக வேலை செய்கிறது' என்று அட்டையில் எழுதிச் செருகினான். இங்கே அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. காப்பி ஆறுவதற்குள் நாற்காலி போய்விட்டது.

"உனக்கு ஒரு சேதி" என்று போனில் பெருமையாகச் சொன்னான். "எருமைத்தோல் போயாச்சு!"

லிஸெட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது? யார் எடுத்தா?"

"யாருக்குத் தெரியும்? வேன் ஒண்ணு நின்ன மாதிரி இருந்துச்சு."

"அட மண்டு! அதத்தான்யா அந்தப் பொண்ணு பாக்கணும்னா!"

மறுமுனையில் நொர்மான் மாதா கோயில் சாமான்களின் பெயர்களையே வசைச்சொல்லாக ஒவ்வொன்றாக இழுத்துத் தன்னையே திட்டிக்கொண்டான். பாத்திரம், பீடம், பெட்டி, எதையும் விடவில்லை. கோபம் வந்தால் எங்கள் ஆட்கள் அப்படித்தான், கோயிலுக்குப் போகாதவன்தான் அதிகம் இழுப்பான்.

அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரோஸ்மோனிலேயே அழகான சாமான்களைத் தேடிப் பிடித்த பெண், ரோஸ்மோனிலேயே அவலட்சணமான நாற்காலியைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினாள். பழுப்பு நிறம், போலித் தோல், கறுப்பு டேப் என்று அடையாளம் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. திபோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மகாராணிக்கு டேப் ஒட்டின நாற்காலியா! இருங்க, இத நான் கடை வாசல்ல எழுதி மாட்டணும்."

"சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா, பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன் தாயே. ஒனோராவோட சலூன்ல. காத்திருக்கறவங்க உக்காரன்னு புதுசா ஒண்ணு போட்டிருக்கான். வெளியிலேர்ந்து பார்த்தாலே கண்ணு கூசுது."

ஒனோரா ஹைத்திக்காரர், உயரமான ஆள், அவர் கத்தரிக்கோல் நிற்காமல் பேசும். வாய் அதைவிட வேகமாகப் பேசும். சலூனில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூலையில் அந்தப் பழுப்பு நாற்காலி. ஒரு பெரியவர் அதில் காலை நீட்டி அரைத்தூக்கத்தில் இருந்தார்.

"ஒனோரா, அது எங்க ஆளோடது" என்றாள் லிஸெட்.

"நடைபாதையில கெடந்ததும்மா. அட்டைகூட இருந்துச்சு."

"தெரியும். தெரியாம வச்சுட்டாரு."

"அம்மா, நீங்களே சொல்லுங்க. உங்க ஹால்ல இருக்கற அந்தத் தொப்பி மாட்டற கம்பம் எங்க கிடைச்சுது? அதத் தெரிஞ்சா வச்சாங்க, தெரியாம வச்சாங்கன்னு போய்க் கேட்டீங்களா?"

நடைபாதையில் வைத்தது எடுத்தவனுக்கு. அந்தச் சட்டத்தில்தான் அவள் இத்தனை நாள் வாழ்ந்தாள். இப்போது மட்டும் மாற்றிப் பேச எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவாள்?

"சரி, வேண்டாம். கொஞ்சம் உக்காந்து பார்த்துக்கறேன். அளவுக்கு."

"உக்காந்தா முடி வெட்டியாகணும், சொல்லிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே ஒனோரா பெரியவரைத் தட்டி எழுப்பினார்.

லிஸெட் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அம்மாடி, என்ன சுகம்! அது ஒரு பக்கம் அவளுக்குக் கோபத்தைத்தான் தந்தது. அப்புறம்தான் கவனித்தாள்: உடம்பு தானாக இடது பக்கம் சரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி சரிந்தது.

"உங்க தரை சாய்வா இருக்கா?" என்று கேட்டாள்.

"தரை நேராத்தான் இருக்கு. நாற்காலிதான் அப்படி. உள்ள வில்லு எல்லாம் இடது பக்கமா நசுங்கிக் கெடக்கு" என்றார் ஒனோரா. "எங்க எல்லாருக்கும் கழுத்து அந்தப் பக்கமே போயிடுது. அந்த மனுஷனுக்கு இடுப்புல ஏதும் கோளாறா?"

"இல்ல."

"டிவி இடது பக்கமா இருக்குமோ?"

"நேரா எதிர்ல இருக்கு."

"அப்ப இடது பக்கம் என்னதான் இருக்கு?"

லிஸெட் அந்த ஹாலை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தாள். நொர்மான் வீட்டில் இடது பக்கம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. சனிக்கிழமை மட்டும் சமையலறையிலிருந்து ஒரு மர நாற்காலியை அவளே தூக்கிக் கொண்டுவந்து அங்கே போட்டு உட்காருவாள். ஆட்டம் முடிந்ததும் திரும்ப எடுத்து வைத்துவிடுவாள். மற்ற நாள் எல்லாம் அந்த இடம் காலி. வாரத்தில் ஒருநாள் சாய்ந்தால் வில் இப்படி நசுங்காது. அவள் இல்லாத நாளிலும், அவளுடைய காலி இடத்தின் பக்கமாகவே அந்த மனுஷன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

லிஸெட் எழுந்து, முடி வெட்டிக்கொள்ளாமலே வெளியே வந்தாள். ஒனோரா பின்னால் ஏதோ கேலி பேசினார், அவள் காதில் விழவில்லை. கடைகடையாக ஏறி இறங்கிக் கட்டையைத் தட்டிப் பார்த்தவள் ஆளைப் பார்க்கவில்லையே என்று அழுகை வந்தது, வெட்கமும் வந்தது. உருகிய பனிச்சேற்றில் பூட்ஸ் நனைய நனைய நேராக நொர்மான் வீட்டுக்குப் போனாள்.

நொர்மான் காலியான ஹாலில் சமையலறை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. தரமாட்டாங்க. நியாயம்தான்." அவள் மூச்சு வாங்கினாள். "நொர்மான், உனக்கு நான் நாற்காலி தேடப்போறதில்ல."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "சரி" என்றான். "நான் எதிர்பார்த்ததுதான். பரவாயில்ல லிஸெட். சனிக்கிழமை வழக்கம்போல..."

"என்னய்யா எதிர்பார்த்த?"

"உனக்குப் பிடிக்காத சாமான நீ ஒரு வாரம் வச்சிருந்து நான் பார்த்ததில்ல. அடுத்த நாளே நடைபாதையில இருக்கும். என்னையும் அப்படித் தூக்கி வச்சிடுவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் நாற்காலி, நாற்காலின்னு சொல்லிட்டே இருந்தேன். கிடைக்கலைன்னா நாற்காலி கிடைக்கலைன்னு சொல்லிக்கலாம் பாரு. வேற காரணம் வேண்டாமே."

லிஸெட்டுக்குச் சுருக்கென்றது. கோட்டைக் கழற்றாமலே அவன் கையைப் பிடித்தாள்.

"அறிவு கெட்டவனே. ஒத்தை நாற்காலி வேண்டாம்னுதான் சொல்ல வந்தேன். ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லப்போறேன். நடுவுல கை வைக்கற கட்டை கிடையாது. நான் இடது பக்கம். அதுக்கு இடம் வேணும்னா கோயில் பெஞ்ச திபோகிட்ட கொடுத்துடுவேன்."

"பெஞ்சையா?" நொர்மான் நம்பாமல் பார்த்தான். "உன் பெஞ்சையா?"

"அதுல யாரும் உக்காரல. நானும் உக்கார்ந்ததில்ல. போன எடு. வீட்டுக்காரருக்குச் சொல்லு."

நொர்மான் போனை எடுத்தான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினான். வீட்டுக்காரர் எடுத்தார். காலி பண்ணுகிறேன் என்று நொர்மான் சொன்னதும் அந்தப் பக்கம் திகைத்துப் போனது லிஸெட்டுக்கே கேட்டது. இத்தனை வருஷம் இருந்த ஆளாயிற்றே. குளிர் வருகிறதா, குழாய் ஒழுகுகிறதா, மேல் வீட்டுக்காரர்கள் சத்தம் போடுகிறார்களா, சொன்னால் சரிபண்ணித் தருகிறேன் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

"அதெல்லாம் இல்லைங்க" என்றான் நொர்மான். "வீட்டுல ஒரு குறையும் இல்ல. ஆட்டம் முடிஞ்சதும் இவ எழுந்து போயிடறா. அதான்."